அமுதசுரபியும் ஆறாத புண்ணும்

மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் குளத்தை ஒட்டிய நடைபாதை. மாலை நேரம். பூக்கடையும் பழக்கடையும் கூட்டமுமாக விளங்கும் அத்தெருவில், சுவரோரம் வரிசையாக அமர்ந்திருந்தோருள் ஒரு முதியவரைக் கண்டேன். இடக்காலில், முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு. வெள்ளையாய் இருந்த துணி தெருப்புழுதியை எல்லாம் வாங்கிக் கறுத்திருந்தது. சர்க்கரை நோயால் வந்த புண் என்றார். தியாகராய நகர்க் கடைத்தெருவில் மூட்டை சுமந்து வாழ்ந்தவர். கால் ஓய்ந்தது, கூலி ஓய்ந்தது, குடியிருந்த அறையும் கைவிட்டுப் போயிற்று.

பொது மருத்துவமனை ஒன்றில் சில நாள் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். மருந்துச் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். வாங்கிப் படித்தேன். குறை சொல்ல அதில் ஏதுமில்லை. மாத்திரை இருவேளை, உணவுக்குப் பின். புண்ணில் நீர் படலாகாது. ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்றவேண்டும். காலை உயர்த்தி வைத்துப் படுத்திருக்க வேண்டும். நல்ல மருத்துவர் நல்ல முறையில் எழுதிய சீட்டு.

"மாத்திரை போடுகிறீர்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதியிருக்காங்க, தம்பி. சாப்பாடு எப்போன்னு எழுதலையே!"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சீட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டை எண்ணி எழுதப்பட்டது. உணவுக்குப் பின் என்றால் அடுப்பு ஒன்று இருக்கவேண்டும். நீர் படலாகாது என்றால் கூரை ஒன்று இருக்கவேண்டும். படுத்திருக்க வேண்டும் என்றால் கட்டில் ஒன்றும், கட்டு மாற்ற வேண்டும் என்றால் கையொன்றும் இருக்கவேண்டும். அடுப்பும் கூரையும் கட்டிலும் கையும் இல்லாத ஒருவருக்கு அச்சீட்டு வெறும் தாள்.

நான் நின்ற அந்தக் கால்மணி நேரத்திலே பலர் அவருக்குக் காசு போட்டனர். ஓர் அம்மையார் வாழைப்பழம் தந்தார். எவரும் அந்தக் கட்டைப் பார்க்கவில்லை. கொடுத்தவர் கண்கள் கோபுரத்தை நோக்கின. கொடுத்த கை புண்ணியத்தை எண்ணிக்கொண்டு போயிற்று.

இந்தக் காட்சியை வைத்துக்கொண்டு நமது இலக்கியத்தை ஒருமுறை ஆராய்ந்து பார்ப்போம் என்று தோன்றிற்று. "ஈகையிலே எம் தமிழர்க்கு ஈடில்லை, மணிமேகலை என்னும் காப்பியம் படைத்த இனம் எமது இனம்!" என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவதில் தவறில்லை. அந்தக் காப்பியம் இந்தப் புண்ணுக்கு என்ன சொல்கிறது என்று கேட்பதிலும் தவறில்லை.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுவோம். பெருமை உண்டு, மிக உண்டு.

மாதவி பெற்ற மகள் மணிமேகலை. ஆடலும் பாடலும் அரங்கும் அவளுக்கென்று விதிக்கப்பட்டவை. அரசிளங்குமரன் தேரேறித் துரத்துகிறான். அவளோ அரங்கை விட்டு அம்பலத்துக்குப் போகிறாள். பூம்புகாரில் உலக அறவி என்னும் பொதுவிடம்; ஆதரவற்றோரும் உடற்குறை உடையோரும் நோயாளரும் ஒதுங்கிக் கிடக்கும் இடம். அங்கே சென்று அமுதசுரபியை ஏந்துகிறாள். எந்தக் குலம் என்று கேட்கவில்லை. எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. பசி என்ற ஒரே சான்றிதழை ஏற்றுக்கொள்கிறாள்.

அவளுக்கு முன் அந்தப் பாத்திரத்தை ஏந்திய ஆபுத்திரன் கதை இன்னும் ஆழமானது. பெற்றவள் கைவிட்ட பிள்ளை. பசு பாலூட்டிக் காத்த பிள்ளை. வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துவிட்டான் என்பதற்காக ஊரால் விரட்டப்பட்டவன். அவன் பிச்சைப் பாத்திரத்திலே கல்லை இட்டார்கள் அவ்வூர் அந்தணர்கள். அவன் மதுரைக்கு வந்து, வீடுதோறும் இரந்து, பார்வையற்றோரையும் காதுகேளாதோரையும் நடக்க இயலாதோரையும் நோயாளரையும் அழைத்து ஊட்டி, மிச்சத்தை உண்டு, திருவோட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது பிறகுதான். வீடற்ற ஒருவனே வீடற்றோரைக் காத்தான் என்று எழுதிய புலவனை நாம் எப்படிப் போற்றாமல் இருக்க முடியும்?

சிறைக்கோட்டத்தின் கதையும் அப்படியே. மணிமேகலை சிறைக்குள் நுழைந்து கைதிகளுக்கு உணவளிக்கிறாள். வேண்டுவது யாது என்று மன்னன் கேட்கிறான். அவள் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. சிறையை இடித்து அதை அறச்சாலையாக்கு என்கிறாள். பிணியாளர்க்கும் பசித்தோர்க்கும் அரசு செய்யவேண்டிய கடமையை அரசனுடைய முகத்துக்கு நேரே சொன்ன முதல் தமிழ்ப் பெண் அவள் எனலாம்.

இவ்வளவும் பெருமை. இனிக் குறை.

காயசண்டிகை என்பவளுக்கு யானைத்தீ என்னும் தீராப் பசிநோய். எவ்வளவு உண்டாலும் ஆறாத நோய். ஏன் வந்தது அந்நோய்? முனிவன் ஒருவன் உண்ண வைத்திருந்த நாவற்கனியை அவள் காலால் சிதைத்துவிட்டாளாம், அவன் சபித்தானாம். நோய்க்குக் காரணம் சாபம். துன்பத்துக்குக் காரணம் முற்பிறப்பு வினை. சாத்தனாரின் கை ஊட்டுகிறது. சாத்தனாரின் வாயோ வினையென்று ஓதுகிறது. கையை நாம் ஏற்போம். வாயை எப்படி ஏற்பது? நடைபாதைப் புண்ணைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒலிக்கும் சொல் அதுதானே! "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டால் போதும். மூட்டை சுமக்க வைத்தவனுக்கும் பொறுப்பில்லை, மருந்தில்லாமல் விட்ட நாட்டுக்கும் பொறுப்பில்லை.

இரண்டாவது குறை அந்தப் பாத்திரமே. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் உலகில் இல்லை. அரிசியை உழவன் விளைவிக்கிறான்; விறகை ஒருவன் வெட்டுகிறான்; உலையை ஒருத்தி வைக்கிறாள். இவர்கள் உழைப்பையெல்லாம் மறைத்துவிட்டு அற்புதம் என்று பெயரிட்டால், அற்புதம் வரும்வரை காத்திருக்கும் பழக்கம் நாட்டுக்கு வந்துவிடும்.

மூன்றாவது குறையே நமக்கு முதன்மையானது. காப்பியத்தில் நோயாளர் வருகிறார்கள், அவர்களுக்கும் சோறு கிடைக்கிறது, அவ்வளவுதான். புண்ணைக் கழுவியவர் யார்? கட்டு மாற்றியவர் யார்? இரவில் விழித்திருந்தவர் யார்? காப்பியம் சொல்லவில்லை. பசி தீர்ந்ததும் படலம் முடிகிறது.

'அந்தக் காலத்துப் புலவரிடம் இந்தக் காலத்து மருத்துவமனையைக் கேட்பது முறையா?' என்பர் சிலர். நான் மருத்துவமனையைக் கேட்கவில்லை. வள்ளுவர் சொன்னதைக் கேட்கிறேன். மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார் வள்ளுவர்: நோயுற்றவன் ஒருவன், நோய் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலே இருந்து, வேளையறிந்து மருந்தூட்டி, வேண்டுவன செய்பவன். செவிலியருக்கு வள்ளுவர் தந்த இடம் அது. மருத்துவனுக்குப் பின்னால் நிற்கும் ஏவலாள் என்று சொல்லவில்லை. நாலில் ஒரு பங்கு என்று எண்ணிச் சொன்னார்.

மயிலாப்பூர் முதியவரிடம் நோய் இருக்கிறது, மருத்துவர் பார்த்துவிட்டார், மருந்தும் கையில் இருக்கிறது. நாலில் மூன்று உண்டு. நாலாவது இல்லை. அந்த நாலாவது இல்லாததால் மற்ற மூன்றும் வீணாயின.

அந்த நாலாவது ஏன் நம்மிடம் இவ்வளவு மெலிந்து போயிற்று? விடை கசப்பானது. சீழையும் மலத்தையும் தொடும் கை இழிந்த கை என்று ஆயிரமாண்டு கற்பித்த நாடு இது. 1871-ஆம் ஆண்டிலேயே சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஆயினும் உயர்சாதி எனப்பட்டோர் தம் பெண்களை நெடுங்காலம் அந்தப் பணிக்கு அனுப்பத் துணியவில்லை. யாரென்று தெரியாதவர் உடலைத் தொடுவது தீட்டு என்றனர். இரவுப் பணி செய்யும் பெண்ணை இழித்துப் பேசினர். கிறித்தவப் பெண்களும், ஆதரவற்ற பெண்களுமே அந்த வெள்ளையுடையைப் பெரும்பாலும் அணிந்தனர்.

நோயாளியின் பக்கத்திலும் சாதி நின்றது. 1885-இல் இந்நகரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. அதன் பெயரே என்ன தெரியுமா? சாதிப் பெண்டிருக்கும் கோஷாப் பெண்டிருக்குமான விக்டோரியா மருத்துவமனை! திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்கி, எல்லா ஏழைத் தாய்மார்க்கும் கதவு திறந்திருக்கும் மருத்துவமனை அதுவே. பெயர்ப்பலகையில் சாதியை எழுதினால்தான் பெண்கள் மருத்துவத்துக்கு வருவார்கள் என்ற நிலை இந்தச் சென்னையில் இருந்தது என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது. தொடுதலைக் குற்றமாக்கிய சமுதாயத்தில் செவிலியரின் கை ஒரு புரட்சிக் கை. எத்தனை சொற்பொழிவு ஆற்றினாலும் ஒழியாத தீண்டாமை, ஒரு புண்ணைக் கழுவும்போது ஒழிகிறது.

மணிமேகலை காப்பியத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இதே மயிலாப்பூரும் அடையாறும் சான்று.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் முத்துலட்சுமி. தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். மாதவியின் மகளுக்கு விதிக்கப்பட்டது போலவே, இத்தாயின் மகளுக்கும் சமுதாயம் ஓர் அரங்கைக் காட்டியிருக்கும். அவரோ ஆண்கள் கல்லூரியிலே படித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சட்டமன்றத் துணைத் தலைவரானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போர், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் வீதியிலே நடத்திய போரோடு சேர்ந்து, 1947-இல் சட்டமாயிற்று.

1930-இல் பொட்டுக்கட்டிலிருந்து தப்பிய இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். படிக்க விரும்பினர், தங்க இடமில்லை. விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையார் காசு கொடுத்து அனுப்பிவிடவில்லை. தம் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லமாயிற்று. பின்னர் அடையாறில் வேரூன்றிற்று. அங்கே வளர்ந்த பெண்கள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் பயின்று வெளியேறினர். வீடில்லாமல் வந்தவள் நோயாளியின் பக்கத்திலே நிற்கும் உழைச்செல்வாளாக வெளியேறிய விந்தை அது. ஆபுத்திரன் கதையில் அற்புதம் செய்ததை இங்கே பயிற்சி செய்தது.

அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரை அவர் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டவில்லை. 'புற்றுநோயாளி எப்படியும் சாகப்போகிறவர். அவருக்கு மருத்துவமனை எதற்கு?' என்று படித்தவர்களே எண்ணிய காலத்தில், 1954-இல் அடையாறில் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. படுக்கைகள் 12. அம்மையாரின் மகன் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த சாந்தாவும் அதைக் கட்டி வளர்த்தனர். 2021-இல் மறையும்வரை சாந்தா அம்மையார் அந்த வளாகத்தையே வாழ்வாகக் கொண்டிருந்தார். வினை என்று விட்டிருந்தால் 12 படுக்கைகளும் இல்லை. இன்று அங்கே நலம் பெறுவோரும் இல்லை.

பாத்திரத்தின் கதைக்கு வருவோம். குறையாத பாத்திரம் ஒன்று உண்டு. அதன் பெயர் வரிப்பணம். தியாகராய நகர் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாநகராட்சிச் செலவில் உணவு வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. 2013-இல் அதே மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்து ஒரு ரூபாய்க்கு இட்டலி தந்தது. எந்தத் தெய்வமும் வந்து நிரப்பவில்லை. மக்கள் கட்டிய வரி நிரப்பிற்று. அங்கே உண்டவன் எவருக்கும் புண்ணியம் சேர்க்கவில்லை; தலை நிமிர்ந்து உண்டான்.

ஆனால் அதே அரசின் மற்றொரு கை என்ன செய்தது? 1945-இல் சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. இரப்போரைக் காவலர் பிடியாணை இல்லாமலே பிடிக்கலாம். நீதிமன்றம் அவர்களை இல்லமொன்றில் அடைத்து வைக்கலாம். சிறையை அறச்சாலையாக்கினாள் மணிமேகலை. அவள் காப்பியத்தைப் பாடநூலில் வைத்துக்கொண்டே, அறச்சாலையைச் சிறையாக்கினோம் நாம்! இரப்பதைக் குற்றமாக்குவது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று, தில்லியில் நடைமுறையிலிருந்த இத்தகைய சட்டம் பற்றி அங்குள்ள உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. சாத்தனார் சொன்னது நீதிமன்றத்துக்கு எட்ட எத்தனை நூற்றாண்டு!

தியாகராய நகரில் நடேசன் பூங்கா இருக்கிறது. அப்பெயருக்குரிய நடேசனார் ஒரு மருத்துவர். வெளியூரிலிருந்து படிக்கவந்த பார்ப்பனரல்லாத மாணவர்க்குத் தங்க இடமில்லை என்று கண்டு, 1916-இல் திருவல்லிக்கேணியிலே திராவிடர் இல்லம் கண்டவர். தங்க இடமில்லாதவனுக்குக் கல்வியில்லை என்பதை ஒரு மருத்துவர் 1916-இலேயே உணர்ந்தார். தங்க இடமில்லாதவனுக்கு மருத்துவமும் இல்லை என்பதை நாம் எப்போது உணர்வது?

உணர்ந்த சிலர் உண்டு. மனநோயுற்றுத் தெருவில் திரிந்த பெண்களுக்காக, 1993-இல் இச்சென்னையிலே வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள் ஆலமரத்தின் பெயரால் 'பேனியன்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் கண்ட உண்மை ஒன்று: நோய் தணிந்தபின்னும் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடில்லை. ஆகவே சிலர் சேர்ந்து வாழ, ஊருக்கு நடுவே வாடகை வீடு பிடித்து, துணைக்கு ஒருவரையும் அமர்த்தும் முறையைக் கண்டனர். பெரிய கூடத்தில் வரிசையாகக் கிடந்தவர், தெருவில் ஒரு வீட்டுக்காரராகிறார். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும், வீடற்றோர்க்கு மனநல மருத்துவம் கட்டணமின்றிக் கிடைப்பது உரிமை என்று கூறிற்று. உரிமை! அந்த ஒரு சொல் புண்ணியம் என்ற சொல்லைவிட எவ்வளவு உயர்ந்தது!

உடல்நோய்க்கும் இந்த வழி வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1985-இல், ஜிம் ஓகானல் என்னும் இளம் மருத்துவர் வீடற்றோர் தங்குமிடத்துக்குச் சிகிச்சை தரச் சென்றார். அங்கிருந்த செவிலியர்கள் அவரிடம், இதயத்துடிப்புக் கருவியை எடுத்து வைத்துவிட்டு முதலில் இவர்கள் கால்களைக் கழுவுங்கள் என்றனர். அவர் மண்டியிட்டுக் கழுவினார். எவரையும் நம்பாத தெருவாசிகள் பின்னர் அவரை நம்பினர். மருத்துவமனையிலிருந்து வெளியேறியும் உடல் தேறாதவர்கள் தங்கித் தேற அந்நகரில் ஓர் இல்லம் எழுந்தது. அதற்கு மருத்துவர் பெயரை இடவில்லை. பார்பரா மெக்கினிஸ் என்னும் செவிலியின் பெயரை இட்டனர். நாலாவது பங்கை முதற்பங்காக மதித்த செயல் அது.

நம் நாட்டிலும் ஓரடி எடுத்து வைத்திருக்கிறோம். நகரத்தில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் இரவு பகலெல்லாம் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று 2010-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சென்னை மாநகராட்சியும் காப்பகங்களை நடத்துகிறது. ஆனால் காப்பகம் வேறு. நோய் தேறும் இல்லம் வேறு. ஒன்று பாய் தரும். மற்றொன்று பாயருகே ஒருவரைத் தரும். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தமிழகத்தில் தொடங்கிற்று. சர்க்கரை நோயாளியின் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. படுத்த படுக்கையாய் இருப்போரைக் காணச் செவிலியர் வருகிறார். போற்றவேண்டிய திட்டம். போற்றிவிட்டே கேட்கிறேன்: வாசலைத் தேடி வரும் மருத்துவம், வாசலே இல்லாதவரை எங்கே தேடும்? மயிலாப்பூர் நடைபாதைக்கு எந்தக் கதவெண்?

தோழர்களே, இந்தக் கேள்வியை அரசைப் பார்த்து மட்டும் கேட்டுவிட்டு நாம் நழுவிவிட முடியாது. கோயில் வாசலில் அன்னதானம் நடந்தால் நகைக்கிறோம். தலைவர் பிறந்தநாளில் நாமும் பந்தலிட்டு ஒருவேளைச் சோறு போட்டுப் படம் பிடித்துக்கொள்கிறோம். கொடி மாறினால் குணம் மாறிவிடுமா? மறுநாள் காலை அந்தப் புண் அப்படியே இருக்கிறது. புண்ணியம் தேடியவனுக்கும் புகழ் தேடியவனுக்கும் நடைபாதையில் கிடப்பவன் கண்ணில் என்ன வேறுபாடு?

வேறுபாட்டை நாம் உண்டாக்கலாம். உணவுப் பொட்டலத்தோடு போகும் இளைஞன் ஒரு நாழிகை உட்கார்ந்து மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். கட்டு மாற்றும் நாள் எது என்று குறித்துக்கொள்ளட்டும். அந்த நாளில் அருகிலுள்ள நகர்ப்புற நல வாழ்வு மையத்துக்கு அவரை அழைத்துச் செல்லட்டும். பிறகு பகுதிக் கூட்டத்திலே, மாமன்ற உறுப்பினரிடத்திலே, சட்டமன்ற உறுப்பினரிடத்திலே இந்த ஒரு கோரிக்கையை வைக்கட்டும்: ஒவ்வொரு பெரிய அரசு மருத்துவமனையின் அருகிலும் வீடற்றோர் நோய் தேறும் இல்லம் ஒன்று, அதில் முறையான ஊதியத்தோடு, நிரந்தரப் பணியில், செவிலியர்.

செவிலி என்பது புதுச்சொல் அன்று. சங்கப் பாடல்களில் வரும் வளர்ப்புத்தாய் அவள். தலைவி வீட்டைவிட்டுப் போய்விட்டால், பெற்றவள் வாசலில் நின்று அழுவாள். செவிலியோ பாலை வழியிலே இறங்கி, எதிர்ப்படுவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டே தேடிச் செல்வாள். நோயாளியைப் பேணுபவருக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த தமிழ், பொருளறிந்தே தேர்ந்தெடுத்தது.

அழுவோர் நம் நாட்டில் நிறைய உண்டு. காசு போடுவோரும் நிறைய உண்டு. தேடிச் செல்லும் செவிலியரைத் தெருவுக்கு அனுப்புவோம். அந்தக் கறுத்த கட்டு ஒருநாள் வெள்ளையாகட்டும்.